நிற்கும் என்று சொன்னவன்

சால்ட் லேக், கல்கத்தா
2025 ஜூலை 2, புதன்கிழமை, மாலை ஆறு நாற்பது
தூண்கள் பன்னிரண்டு. சுத்தியல் வைத்துப் பார்த்த இடங்கள் நாற்பத்தெட்டு. மோசமானவை பூஜ்யம்.

அன்புள்ள மாதங்கிக்கு,

மீதியெல்லாம் இந்த எண்களைப் பற்றித்தான் என்பதால் அவற்றை மேலேயே எழுதிவிட்டேன். போனில் நான் கத்துகிறேன், எழுதினால் கொஞ்சம் யோசிக்கிறேன் என்று சொன்னவள் நீ. ஆகவே உன் அப்பா சம்பந்தப்பட்ட எதையும் இனி போனில் பேச வேண்டாம். மெயில்தான்.

வீட்டுச் செய்தி முதலில். நான்கு நாளாக விடாத மழை. செக்டர் ஃபைவில் முழங்கால் வரை தண்ணீர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நீ வைத்த கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. துணி எதுவும் காய்வதில்லை. நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் ஏதென்ஸில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். பாதியை இங்கே அனுப்பு.

இப்போது விஷயம். காளிகாட் வீடு. நீ பிறந்து வளர்ந்த வீடுதான், இருந்தாலும் இன்றைய கணக்கைச் சொல்கிறேன். கீழே உங்கள் மளிகைக் கடை. மேலே இரண்டு மாடியும் வாடகைக் குடும்பங்கள், எல்லோரும் உன் அப்பா பாலிகஞ்சுக்குக் குடிபோவதற்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள். முதல் மாடியில் சௌமேன்பாபு குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பங்களும். இரண்டாம் மாடி முழுக்கக் கனகாக்காவின் மெஸ், அதில் தங்கியிருக்கும் ஐ.டி. பையன்கள். மொத்தம் இருபத்துமூன்று பேர் அங்கே படுத்து எழுகிறார்கள்.

போன ஞாயிறு மாமா என்னைக் கூப்பிட்டு, "வீட்டை ஒருதடவை பாத்துச் சொல்லுங்க மாப்ள" என்றார். ஆபீசிலிருந்து சோதனைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். பெயர்தான் சுத்தியல். பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு குழாய். கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி எகிறும். எவ்வளவு எகிறுகிறதோ அவ்வளவு உறுதி, அதை ஒரு எண்ணாகக் காட்டும். அறுபது வயது வீட்டுக்கு நான் எதிர்பார்த்தது இருபத்தைந்து. வந்ததோ முப்பத்தெட்டு, நாற்பது. போன வருடம் கட்டியவற்றுக்கே சில இடத்தில் அவ்வளவு வராது. அசந்துபோனேன்.

நேற்று மாலை கடைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்றுதான் போனேன். அவர் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார். வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "இதை அப்படியே மேல சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேண்டாம் மாப்ள. தூண் தாங்காதுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டுறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் நீங்க சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்."

காரணம் கேட்டேன். ஒரு புரமோட்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்புவார்களாம். குடியிருப்பவர்கள் இறங்கினால்தான் எதுவும் நடக்கும். "அது மட்டும் இல்ல மாப்ள, அந்த வீட்டை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல" என்று வேறு சொன்னார். தூக்கத்தைக் கெடுப்பது வீடா, புரமோட்டரா என்று கேட்டேன். அவர் மெஷினில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார்.

கடைசியில் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "நான் சொன்னா, காலி பண்ண வைக்கறதுக்காகச் சொல்றேம்பாங்க. கார்ப்பரேஷன்காரன் அபாய போர்டு மாட்டினா அதுல துணி காயப்போடுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும்." அதாவது இந்த ஊருக்கு வந்து முப்பத்தோரு வருடம் நான் பொய் சொல்லாமல் இருந்ததே இந்த ஒரு பொய்யை அவர் விற்பதற்காகத்தான்.

யாரிடம் சொல்லச் சொல்கிறார் பார். கல்கத்தாவுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் கனகாக்கா கையால் சாப்பிட்டவன் நான். டைஃபாய்டில் கிடந்தபோது அவர் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை தலைமாட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பார். உன்னை முதலில் பார்த்ததும் அந்த மெஸ்ஸில்தான். ரசம் நன்றாக இல்லை என்று நான் சொன்னேன், நீ முறைத்தாய். அந்த அம்மாளிடம் போய் அவர் காலடியில் இருக்கும் தூணைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டுமாம்.

உன் கிரேக்க நாடகங்களைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தடையை மீறி அண்ணனைப் புதைத்த பெண்ணும் சரி, கூடாது என்ற அரசனும் அவனளவில் சரி என்பாய். கப்பல் கிளம்பக் காற்று வேண்டும் என்று பெற்ற மகளைப் பலி கொடுத்த தலைவனுக்கும் உன்னிடம் ஒரு நியாயம் இருக்கும். மன்னித்துக்கொள், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தூண் தாங்கும், அல்லது தாங்காது.

கூட்டம் ஞாயிறு பதினோரு மணிக்கு. உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுது. மனதை மாற்றிக்கொள் என்று மட்டும் எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு. நூலகத்தில் பட்டினியாக உட்காராதே.

உன்,
குருபிரசாத்


சால்ட் லேக்
ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து
கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது

அன்புள்ள மாதங்கிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். காயத்தோடு ஒரு தீவில் தனியாகக் கிடப்பவனை ஏமாற்றி அவனுடைய வில்லை வாங்கி வர, பொய்யே பேசத் தெரியாத ஓர் இளைஞனை அனுப்பும் தந்திரக்காரனின் கதையை எழுதியிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால்தான் அவனை அனுப்பினார்கள் என்றாய். கடைசியில் வெட்கம் தாங்காமல் அவன் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். நன்றி. முதல் தடவையாக உன் கிரேக்கர்களில் ஒருவனை எனக்குப் பிடித்தது. அதையேதான் இன்று செய்தேன்.

கீழே ஒரு வரி, "அப்பாவுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று கேள்" என்றும் எழுதியிருந்தாய். அதற்கு நேரமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சௌமேன்பாபுவின் முன்னறையில் கூட்டம். டிராம் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த வீட்டிலேயே மூத்தவர், அதனால் அவருக்குக் கட்டில், மற்றவர்களுக்குத் தரை. மாமா தமிழில் ஒருமுறை, வங்காளியில் ஒருமுறை, "நம்ம மாப்ள இன்ஜினியர். நான் சொல்றதைவிட அவர் சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். நான் எழுந்தேன். பன்னிரண்டு தூணும் நன்றாக இருக்கின்றன, இந்த வீடு நிற்கும் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். தாங்காது என்று சொல்லும்படி மாமா என்னைக் கேட்டுக்கொண்டார் என்பதையும் சொன்னேன்.

பிறகு கனகாக்கா மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "ஏன் அண்ணாச்சி, நாப்பது வருஷமா உங்க கடையிலதானே உளுந்து வாங்குறேன்? இறங்குடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே. புள்ளையை விட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. மூலையில் வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, குடையை விரிக்காமலே மெட்ரோ பக்கம் போனார்.

எனக்கு வருத்தம் இல்லை. மெஸ் பையன்கள் கைகுலுக்கினார்கள். சௌமேன்பாபு என் தோளைத் தட்டி, இந்த ஊரில் மாமனாருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முதல் மருமகன் நீதான் என்றார். கனகாக்கா மேலே இழுத்துக்கொண்டு போய் வடையும் பாயசமும் வைத்து, போதும் போதும் என்ற பிறகும் வைத்தார். இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாளாயிற்று.

உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். எழுது.

உன்,
குரு


சால்ட் லேக்
ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால்
வீட்டுக்குள் இன்னும் இருப்பவர்கள் இருபத்துமூன்று

அன்புள்ள மாதங்கிக்கு,

இதைக் கடைசி வரை படித்துவிட்டுப் போனை எடு. நடுவில் எடுக்காதே.

போன வாரம் நீ அனுப்பிய மூன்று வரிக்கு முதலில் பதில். "எண்ணைச் சொன்னாய், சரி. அப்பா கேட்டுக்கொண்டதை ஏன் சொன்னாய்? அதற்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை. சொல்லப் பிடித்திருந்தது. பத்தொன்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கனகாக்கா போன் செய்தார். "தம்பி, வந்து மொட்டை மாடியைப் பாரு. ராஜாவாட்டம் உக்காந்திருக்கு" என்றார். என்னவென்று கேட்டால் புதுத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாயிரம் லிட்டர். ஆறேழு வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததாம், வீடு தாங்காது என்று மாமா விடாமல் மறுத்துவந்தாராம். நான்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டேனே. எல்லோரும் சேர்ந்து வாங்கி, வியாழக்கிழமை கயிறு கட்டி ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் நிரம்பினால் இரண்டு டன், மாதங்கி. என் வார்த்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நேற்றுக் காலை போனேன். படிக்கட்டு ஓரத் தூணில் குழாய்க்குக் கிளிப் அடிக்க பிளம்பர் துளை போட்டிருக்கிறான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. அதைப் பெருக்கி மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். உள்ளே கம்பி தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கீறினேன், வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக வந்தது. பதினாறு மில்லிமீட்டர் கம்பி. மிச்சம் இருந்தது ஒன்பது.

சுத்தியல் ஏன் நல்ல எண் காட்டியது என்று கேட்பாய். காற்று வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். புகப் புக மேல்தோல் இறுகும், உள்ளே இருக்கும் கம்பி காப்பை இழந்து துருப்பிடிக்கும். சுத்தியல் தட்டுவது மேல்தோலை மட்டும். தோல் இறுக இறுக எண் ஏறும். அறுபது வயதுக் கட்டடம் நாற்பது காட்டினால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போன மாதம்கூட ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன்.

இதைக் கண்டுபிடிக்கும் வழியும் சுலபம். ஒரு துண்டைப் பெயர்த்து பினாப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும். பள்ளிக்கூட லேபில் நாம் எல்லோரும் பார்த்த அதே நிறம். அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. நாற்பது என்று பார்த்ததும் செய்யத் தோன்றவில்லை. மாமா அப்படிக் கேட்ட பிறகு சுத்தமாகவே தோன்றவில்லை. நான் யோக்கியன், அவர் அயோக்கியர் என்று முடிவாகிவிட்ட பிறகு தூணில் பார்க்க என்ன இருக்கிறது?

நேற்று ஆபீஸ் லேபைத் திறக்கச் சொல்லி புட்டியை எடுத்து வந்தேன். ஆறு தூண்களில் பெயர்த்துத் தெளித்தேன். ஒன்றிலும் நிறம் வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

மத்தியானம் எல்லோரையும் அதே முன்னறையில் கூட்டினேன். துருப்பிடித்த ஏடுகளைக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன். நான் சொன்னது தப்பு, வீடு பத்திரமாக இல்லை, இறங்கிவிடுங்கள் என்றேன். முதலில் யாரோ சிரித்தார்கள். சௌமேன்பாபு, "கீ பேபார், என்ன சங்கதி, குருபாபு? மருமகனுக்கு விருந்து வைக்கிற ஜாமாய் சஷ்டி போன மாசமே முடிஞ்சுபோச்சே. உங்க மாமனார் இன்னுமா இலை போடறார்?" என்று வங்காளியில் கேட்டார். பையன்களில் ஒருவன், போன ஞாயிறு வேறு இன்ஜினியர் வந்தாரே, அவரைக் கூப்பிடுங்க என்றான்.

கனகாக்கா கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டார். "மாதங்கி போன்ல அழுதாளா தம்பி? பொண்டாட்டி அழுதா மனசு மாறத்தான் செய்யும். உன்னைத் தப்பு சொல்லல. ஆனா போன வாரம் பேசினது நீ. இப்பப் பேசுறது அண்ணாச்சி." நான் கத்தினேன். அவர் என் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. பக்கத்துச் சந்தில் ஆறு மாத ரிப்பேர் என்று சொல்லி இறக்கிய குடும்பங்கள் திரும்பி ஏறவே இல்லை, பூட்டு மாறிவிட்டது. அதிலிருந்து இந்த வீட்டில் ஒரு வழக்கம். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தங்கிவிடுவார். கனகாக்கா சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே போகவில்லை, உனக்குத்தான் தெரியுமே. வெளியே கால் வைத்தால் வீடு போச்சு என்று நம்புகிறவர்களிடம், வீட்டுக்காரரின் மருமகன் வந்து, வீட்டுக்காரர் சொல்லச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்கிறான். அவர் அதைச் சொல்லச் சொன்னார் என்று அவர்களுக்குச் சொன்னவனும் அவன்தான்.

கிளம்பும்போது மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்து காலி செய்தேன். மெயின் ரோட்டைத் தாண்டுவதற்குள் மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

அங்கிருந்து பாலிகஞ்ச். எதிரியின் கூடாரத்துக்குத் தானே போய், மகனைக் கொன்றவனின் கையைப் பற்றிக்கொண்டு மகனுடைய உடலைக் கேட்ட கிழவனைப் பற்றி ஒருமுறை சொன்னாய். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். லிஃப்டில் ஏறும்போது அது ஞாபகம் வந்தது. எங்கள் இருவரில் யார் அந்தக் கிழவன் என்றுதான் தெரியவில்லை.

மாமா கதவைத் திறந்து, "நனைஞ்சிருக்கீங்க" என்று துண்டு எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன், ஒரு வாரம் தாமதமாக. ஏன் தூக்கம் வரவில்லை?

சித்திரையில் கடைக்குள் அரிசி மூட்டைகளை நகர்த்தினபோது மூலைத் தூணில் நெடுக ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். வெளியே தெரிந்தால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்று பயம். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிட்டு மூட்டைகளைத் திரும்ப அடுக்கிவிட்டார். அப்புறம் மேலே இருப்பவர்களை நினைத்துப் பயம். அந்தப் பயத்தில்தான் புரமோட்டரிடம் போனாரா, புரமோட்டரிடம் போக இதை ஒரு சாக்காக்கிக் கொண்டாரா என்று கேட்டேன். "ரெண்டும்தான் மாப்ள. பிரிச்சுச் சொல்லத் தெரியல" என்றார். என்னிடம் ஏன் வெடிப்பைச் சொல்லவில்லை? "நீங்க கத்துவீங்க."

அந்த மூலைத் தூணை நானும் சோதித்தேன், மாதங்கி. மூட்டைக்கு மேலே தெரிந்த பாகத்தில் நான்கு தட்டு. மூட்டையை நகர்த்த ஆள் வரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை.

முட்டுக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். திரும்ப வரலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் இறங்குவார்களே என்றேன். "போன ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணி வரைக்கும் அந்த வீட்ல என் வாக்குக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு" என்றார். குத்திக் காட்டுவதாக இல்லை. மணி சொல்வது போலச் சொன்னார்.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போதுதான் அதைச் சொன்னார். "இன்னிக்கே விழும்னு சொல்லிடுங்க மாப்ள. சாயங்காலத்துக்குள்ள விழும்னு சொன்னா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுவாங்க. அப்புறம் திட்டிக்கட்டும்." இன்றே விழுமா என்று எனக்குத் தெரியாது மாமா என்றேன். "எனக்கும்தான் அன்னிக்குத் தெரியாது" என்றார்.

உண்மையிலேயே தெரியாது. இரண்டு வருடம் நிற்கலாம். இந்த மழையிலேயே உட்காரலாம். தெரியாது என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கும் உண்மை. அதைக் கேட்டு யாரும் படியிறங்க மாட்டார்கள். இறங்க வைக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, அது பொய். அந்த வார்த்தையை வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், பாத்ரூமில், கண்ணாடியைப் பார்த்து. வருகிறது. எனக்குப் பொய் சொல்ல வராது என்று யார் சொன்னது? நன்றாகவே வருகிறது.

சொல்ல மாட்டேன் என்றுதான் இந்த நிமிடம் வரை இருக்கிறேன். நாளைக் காலையில் கட்டடம் நின்றுகொண்டிருந்தால் திரும்ப ஏறிவிடுவார்கள், பிறகு யார் சொல்லியும் இறங்க மாட்டார்கள் என்று கணக்கும் வைத்திருக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் இரண்டாம் தடவை அந்த அறையில் பொய்யன் என்று பெயர் வாங்கப் பயந்துதான் இந்தக் கணக்கைப் போட்டேனா என்று கேட்டால், என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவனை எல்லோரும் எதற்காகப் புகழ்கிறார்களோ அதுவே அவனை வழிமறிக்கும் என்று நீ சொல்வாய், நான் சேனலை மாற்றுவேன்.

மழை விட்டிருக்கிறது. வானம் திரும்பவும் கறுக்கிறது. நீ எழும்போது இங்கே மணி பத்து ஆகியிருக்கும். விமானத்தில் ஏறி வந்துவிடாதே, அங்கேயே இரு. உனக்கு எந்தக் குறையும் வரக் கூடாது.

உன்,
குருபிரசாத்

இன்று செய்யப் போவது:

1. எட்டு மணிக்கு ஆபீசுக்கு மெயில். ஆபீஸ் கருவியை அனுமதி இல்லாமல் எடுத்துப்போய்த் தவறான முடிவு சொன்னேன் என்று நானே எழுதிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

2. கார்ப்பரேஷனுக்குக் கடிதம். வார்டு ஆபீஸ் நாளைதான் திறக்கும், இன்றே எழுதி வைக்கிறேன். மூலைத் தூணின் வெடிப்பையும் எழுதுவேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தலையசைத்தார்.

3. பத்தரை மணிக்கு ஹௌராவிலிருந்து இரும்பு முட்டுகள் வருகின்றன, பதினாறு. மூட்டைகளை அகற்றிவிட்டுக் கடைக்குள் முதலில் கொடுக்க வேண்டும், பிறகு படிக்கட்டு. இது மருந்து இல்லை, முதலுதவி.

4. தொட்டியைக் காலி செய்து, தண்ணீர் ஏறும் குழாயை அறுத்துவிடுவேன். கத்துவார்கள். கத்தட்டும்.

5. பன்னிரண்டு மணிக்கு அதே முன்னறை. போன ஞாயிறு சொன்னது தப்பு, மாமாவைச் சபையில் அவமானப்படுத்தினதும் தப்பு என்று சொல்வேன். எப்போது விழும் என்று கேட்டால் தெரியாது என்பேன். மாமா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

6. அதற்கும் இறங்காவிட்டால், கனகாக்காவின் மெஸ்ஸில் படிக்கட்டுத் தூணுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் இறங்கும் வரை நானும் இறங்க மாட்டேன். இது இன்ஜினியரிங் இல்லை. எனக்குத் தெரியும்.

7. ஏழாவது உன்னுடையது. கனகாக்காவுக்குப் போன் செய். உன் குரலை உன் சின்ன வயதிலிருந்து கேட்டவர் அவர், நீ சொன்னால் நம்புவார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. என்ன சொன்னாய் என்று பிறகு ஒருநாளும் கேட்க மாட்டேன்.